தொடுதிரையும் விரலின் அறிவும்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியர், ஓரறிவுயிர்க்கு உரியதாக வைத்தது ஊற்றுணர்வையே. ஏனைய புலன்கள் யாவும் அதன்மேல் எழுந்தவை. இம்முதற்புலனை இக்காலக் கணினி எவ்வாறு மதித்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மருதமுனைக் கைத்தறி நெசவாளர் இழையின் தளர்வை விரலால் உணர்வர். ஓலையில் ஏடெழுதினோர்க்கு எழுத்தாணியின் அழுத்தமே வழிகாட்டியாயிற்று. அக்கருவிகள் விரலுக்கு மறுமொழி கூறின. இன்று அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிற் பலர் கையிலும் விளங்கும் கைத்தொலைபேசியின் கண்ணாடியோ, எங்குத் தொடினும் ஒரே வழவழப்பினது. இக்குறையை ஈடுசெய்ய முயன்ற வரலாறே தொடுதிரையின் உண்மை வரலாறு என்பது எம் கருத்து.

தொடுதிரை 2007இல் ஐபோனுடன் பிறந்தது எனப் பலர் கருதுவர், அது பொருந்தாது. இங்கிலாந்தின் மால்வேர்ன் நகரில் ஈ. ஏ. ஜோன்சன் என்பார் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிற்கு உதவும் தொடுதிரையை 1965இலேயே விவரித்தார். 1972இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கல்விக் கணினியில் மாணாக்கர் திரையைத் தொட்டு விடையளித்தனர். பல விரல்களின் தொடுகையை ஒருங்கே உணரும் கருவியை 1982இல் தொரொன்ரோப் பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா ஆக்கினார்.

கருவி வந்த பின்னும் விரலின் இயல்பை அறியக் காலம் சென்றது. விரல் பருமனானது; தான் தொடும் இடத்தைத் தானே மறைப்பது. 1988இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர், விரல் பட்டவுடன் தெரிவைக் கொள்ளாது, விரலை எடுக்கும்போது கொள்ளும் முறையை ஆராய்ந்தனர். பிழை குறைந்தது, வேகமும் சற்றுக் குறைந்தது. எனினும், தவறிய விரல் திருந்துதற்கு இடங்கொடுத்த அறமே இதன் சிறப்பு. 2009இல் ஐபோனிற் சேர்ந்த ‘வாய்ஸ்ஓவர்’, விரல் படும் இடத்தைக் குரலால் உரைத்துப் பார்வையற்றோர்க்கும் வழி திறந்தது. ஊமைக் கண்ணாடிக்கு வாய் வந்தது எனலாம்.

இனி, தமிழ் எழுத்தை நோக்குவாம். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளைச் சில விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தார். தாளை நகர்த்தாத விசைகள் அதற்கு உதவின. ஆயின், புள்ளி முதலிய குறிகளை முன்னர் அடித்துப் பின்னரே எழுத்தை அடிக்க வேண்டியதாயிற்று. மெய்யின் பின் உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது இலக்கணம். பொறியின் பொருட்டு மனிதர் தம் எண்ணத்தின் வரிசையையே மாற்றினர். அக்காலத்தில் அது குற்றமன்று, இரும்பின் கட்டாயம்.

கண்ணாடிக்கோ அக்கட்டாயம் இல்லை. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 முறை, உயிரை இடப்புறத்தும் மெய்யை வலப்புறத்தும் நிறுத்தி இலக்கண வரிசையை மீட்டது. ‘க’வைத் தொட்டவுடன் உயிர் விசைகள் ‘கா, கி, கீ’ என மாறித் தோன்றச் செய்தலும் கண்ணாடிக்கு எளிது. அவ்வாறிருந்தும், பழைய தட்டச்சின் அமைப்பையே திரையில் வரைந்து வைத்தல் குதிரை இல்லாத வண்டிக்குக் கடிவாளம் பூட்டுதலை ஒக்கும். பழகிய விரல்களின் வேகத்தை யாம் இகழவில்லை. அவர்க்கு அம்முறை இருக்கட்டும். ஆனால், இன்று முதன்முதல் எழுதப் புகும் சிறாரும், முதுமையில் விரல் நடுங்கும் பெரியோரும் இரும்பின் கடனை ஏன் சுமத்தல் வேண்டும்?

ஆகவே, கருவி அமைப்போர் முதற்கண் வினவத்தக்கது, ‘இப்பொறி எத்துணைப் புதியது?’ என்பதன்று, ‘விரல் தவறினால் இது பொறுக்குமா? தொட்டதற்கு மறுமொழி கூறுமா?’ என்பதே. நெசவாளரின் விரல் அறிந்த இவ்வுண்மையைக் கண்ணாடி முற்றும் கற்கும் நாளே தொடுதிரை நிறைவெய்தும் நாளாகும்.