மீட்பு எஞ்சினும் அதன் சிற்றுருவும்

லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ நோக்கி, வளைவுகளில் சாய்ந்தபடி மணிக்கு 125 மைல் வேகத்தில் விரையும் பெண்டலினோ மின்ரயில், தலைக்கு மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பி அறுந்து விழுந்தால் சக்தியிழந்து, விரைவில் அசைவற்ற ஜடமாகிவிடும். தன் சக்தியைத் தானே சுமந்து வரும் டீசல் எஞ்சின் ஒன்று வந்து இழுத்தாலன்றி அதற்கு விமோசனம் இல்லை. அவ்வாறு இழுப்பதற்கென்றே வழிநெடுக ஆங்காங்கே நாள் முழுவதும் காத்து நின்ற எஞ்சின்களுக்கு பிரிட்டிஷ் ரயில்வே உலகில் ‘தண்டர்பேர்ட்’ என்ற பட்டப்பெயர் வழங்கிவந்தது. இவற்றைச் சிறு மாதிரிகளாகச் செய்து மேஜைமேல் ஓட்டி மகிழும் கலை எதில் வெற்றி பெறுகிறது, எதில் தோற்கிறது என்று சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி அபிமானிகளின் மனத்தை மிகுதியும் கவர்ந்தது 57/3 என்னும் வகுப்பு. 1962க்கும் 1968க்கும் இடையே கட்டப்பட்ட 512 எஞ்சின்களைக் கொண்ட 47ஆம் வகுப்பிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றின் வயிற்றிலிருந்த சுல்சர் இயந்திரத்தை அகற்றி, 2,750 குதிரைத்திறன் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திரத்தைப் பொருத்தி, லவ்பரோவிலுள்ள பிரஷ் தொழிற்சாலை 2002 முதல், பெண்டலினோக்களை இயக்கிய வெர்ஜின் நிறுவனத்துக்காக 16 எஞ்சின்களை உருவாக்கித் தந்தது. பெண்டலினோவின் முகத்திலுள்ள டெல்னர் இணைப்பானோடு நேரே கோத்துக்கொள்ளத் தக்க அதே வகை இணைப்பானை அவற்றின் முகப்பிலும் அமைத்தார்கள். ‘ஸ்காட் ட்ரேசி’, ‘லேடி பெனலோப்’ என்று அவற்றுக்குச் சூட்டிய பெயர்களோ 1965இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தவை. அத்தொடர் முழுவதும் பொம்மைகளாலும் மாதிரி ஊர்திகளாலும் ஆனது. அது ஒளிபரப்பான காலத்திலேதான் 47ஆம் வகுப்பின் உடல்களும் ஆலைகளில் உருவாகிக்கொண்டிருந்தன. பொம்மையின் பெயரை மெய்யான எஞ்சின் தாங்கி, அந்த எஞ்சின் மறுபடியும் பொம்மையாகிக் கடைக்கு வந்திருக்கும் இந்த விசித்திரச் சுழற்சியே இம்மாதிரிகளுக்கு ஒரு தனிச் சுவையைத் தருகிறது.

முதலில் குணத்தைச் சொல்லிவிடுவோம். மெய்யான எஞ்சின்கள் கைமாறிச் செல்கின்றன; சில டைரக்ட் ரயில் சர்வீசஸ் நிறுவனத்தின் கருநீலத்தையும், சில வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ் நிறுவனத்தின் செம்பழுப்பையும் ஏற்றுக்கொண்டு, வெர்ஜின் கால வர்ணத்தை முற்றிலும் துறந்துவிட்டன. மாதிரியோ, பெயர்ப்பலகையின் எழுத்து வடிவம், கூரைமேல் இயந்திரக் காற்றாடிகளின் அமைப்பு, பழைய உடலில் புதிய இயந்திரத்துக்காகச் செய்த மாறுதல்கள் ஆகியவற்றை, அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில், ஒரு காலகட்டத்தின் சாட்சியமாகப் பத்திரப்படுத்தி வைக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவன், நாற்பது ஆண்டு பழமையான கூட்டில் மற்றோர் உயிர் குடியேறிய கதையைத் தன் கண்ணாலேயே வாசித்துவிடுகிறான். பார்வையைக் கூர்மைப்படுத்தும் இந்தப் பயிற்சி அற்பமானதன்று.

குற்றங்களுள் எல்லோரும் எடுத்துரைப்பது தண்டவாள அகலம். நாலடி எட்டரை அங்குல அகலம் அந்த அளவுத்திட்டத்தில் 18.83 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். பெருவழக்கான ‘ஓஓ’ முறையிலோ அது 16.5 மில்லிமீட்டர்தான். எனவே அகன்ற உடல் ஒடுங்கிய பாதங்களில் நிற்பதுபோல் தோன்றுகிறது. ஆயினும் பழகிய கண் இதை மன்னித்துவிடும். மனம் உண்டானால் சரியான அகலத்தைப் பின்பற்றும் ‘பி4’ முறையைக் கைக்கொண்டு திருத்திக்கொள்ளவும் வழியுண்டு.

மன்னிக்க முடியாத குற்றம் வேறொன்று. கடையில் வாங்கும் மாதிரியில், அதன் ஜென்ம காரணமாகிய டெல்னர் இணைப்பான் பெரும்பாலும் ஒட்டிவைக்கும் அலங்காரத் துண்டாகவே வருகிறது. அது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது. சமர்த்தர் ஒருவர் அதற்குப் பதிலாகச் சிறு கம்பித்துண்டொன்றைச் செய்து எஞ்சினையும் பெண்டலினோவையும் கோத்துவிட்டாலும், அடுத்த தடை உள்ளேயே காத்திருக்கிறது. மெய்யான பெண்டலினோவின் சக்கரங்கள், மின்சாரம் இல்லாதபோதும் இழுத்த இழுப்புக்கு உருளும். மாதிரியிலோ மோட்டார் இருக்கும் பெட்டியில் திருகாணி வடிவான வார்ம் கியர் இருப்பதால், மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுமேயன்றிச் சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. ஆகவே ‘செத்த’ ரயிலை இழுத்தால் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேய்கின்றன. இதைத் தவிர்க்க விரும்புவோர் மீட்பவனையும் மீட்கப்படுபவனையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார்கள். அதாவது காப்பாற்றப்பட வேண்டிய ரயில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள, காப்பாற்றும் எஞ்சின் முன்னே நடந்து வேஷம் போடுகிறது!

மாதிரி என்பது சித்திரமேயன்றி யந்திரமன்று, அதனிடம் தொழிலை எதிர்பார்ப்பது முறையா என்று ஒருவர் கேட்கலாம். சாதாரண எஞ்சினைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமே. அது ஓடினால் போதும். மீட்பு எஞ்சினுக்கோ ஓட்டம் பிரதானமன்று. காத்திருத்தல், கோத்தல், மெல்ல இழுத்தல் என்ற மூன்றுமே அதன் வாழ்க்கை. அம்மூன்றையும் விட்டுவிட்டு உருவத்தை மட்டும் தீட்டுவது, வைத்தியனின் சட்டையை நேர்த்தியாக வரைந்துவிட்டு அவன் நாடி பிடிக்கும் விரலை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும். மின்கம்பி இல்லாத க்ரூ–ஹோலிஹெட் பாதையில் இந்த எஞ்சின்கள் பெண்டலினோக்களை அட்டவணைப்படியே இழுத்துச் சென்ற காலமும் உண்டு. ஆதலால் விபத்தைக் கற்பனை செய்யாமலே அக்காட்சியை மேஜைமேல் நிகழ்த்தலாம்.

பரிகாரமும் எளிது. பெண்டலினோவின் மோட்டாரையும் பல்சக்கரங்களையும் கழற்றிவிட்டு, அதை மெய்யாகவே சுமையாக்கிவிட வேண்டும். எஞ்சினைப் பக்கவாட்டுப் பாதையில் நெடுநேரம் சும்மா நிறுத்திவைத்து, பிறகு கோத்து, மெதுவாக இழுக்கவைக்க வேண்டும். வர்ணப் பூச்சில் உற்பத்தியாளர்கள் காட்டும் சிரத்தையில் கால்பங்கு இணைப்பானுக்குக் கிடைக்குமானால், இந்தக் கலையின் பெருங்குறை நீங்கிவிடும். அதுவரை, அலமாரியில் பளபளக்கும் பத்து மாதிரிகளைவிட, ஓடாத ரயில் ஒன்றை உண்மையிலேயே இழுத்துவரும் ஒற்றை எஞ்சினே மேலானது என்பது என் தீர்ப்பு.