வினாதலும் செவிமடுத்தலும்: தாம்பரம் மருத்துவச் சூழலை முன்வைத்து மருத்துவ மாணவர் திறன் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்வியில் தமிழின் இடம் குறித்த விவாதம் பெரிதும் கலைச்சொல், பாடநூல் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்கிறது. நோயாளியின் சொல்லைக் கேட்டறியும் பயிற்சியிலேயே தமிழ் முதன்மையாகத் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை தாம்பரம் வட்டாரத்தின் பின்புலத்தில் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவக் கல்வி, வினாதல், நோயாளி மொழி, தாம்பரம், காசநோய்.

முன்னுரை

தாம்பரம் சானடோரியம் என்னும் தொடர்வண்டி நிலையப் பெயர் ஒரு மருத்துவமனையின் நினைவைத் தாங்கியது. மருத்துவர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நலவாழ்வகம் 1937இல் அரசின் பொறுப்பிற்கு வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அதே பகுதியில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பட்டமேற்படிப்பு மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. மரபால் வேறுபட்ட இவ்விரு மருத்துவங்களும் நோயாளியிடம் கேட்டறிதலிலிருந்தே தொடங்குகின்றன. அக்கேள்வி எம்மொழியில் பயிற்றப்படுகிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

புதிய பாடத்திட்டமும் அதன் இடைவெளியும்

2019இல் இளநிலை மருத்துவப் படிப்பில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மனப்பான்மை, அறவியல், தொடர்பாடல் ஆகியவற்றுக்கென 27 பாடக்கூறுகள் வகுக்கப்பட்டன. மருத்துவராக இருத்தல் என்பதன் பொருளை அடுத்து, நோயாளியாக இருத்தல் என்பதன் பொருளையும் முதலாண்டிலேயே மாணவர் சிந்திக்க வேண்டும் என்பது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

எனினும், தொடக்க நிலை அடித்தளப் பயிற்சியில் மொழித்திறனுக்கும் கணினித்திறனுக்கும் சேர்த்தே 40 மணிநேரம் ஒதுக்கப்பட்டது. மொழி, பிற மாநில மாணவருக்குரிய தேவையாகவே இதனால் சுருங்கிவிடுகிறது. தமிழ் மாணவருக்கு நோயாளியின் தமிழ் தெரிந்தே இருக்கும் என்பது சொல்லப்படாத எடுகோள். நோயாளியின் முதன்மைக் குறையை அவர்தம் சொற்களிலேயே பதிவு செய்க என்பது மருத்துவப் பயிற்சியின் அடிப்படை விதி. நடைமுறையில் மாணவர் அதனை ஆங்கிலத்திலேயே எழுதுகிறார். தேர்விலும் ஆங்கிலத்திலேயே எடுத்துரைக்கிறார். கேட்ட கணத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்துவிடுகிறது. அம்மொழிபெயர்ப்பு சரியா என்பதை எவரும் மதிப்பிடுவதில்லை.

நோயாளி மொழியின் நுட்பம்

'இளைப்பு' என்னும் ஒரு சொல் இதனைத் தெளிவுபடுத்தும். அது களைப்பையும் உடல் மெலிவையும் மூச்சிரைப்பையும் குறிக்கும். நெஞ்சக நோய் மருத்துவமனையில் இம்மூன்றும் ஒன்றல்ல. மெலிவு காசநோயின் அறிகுறியாகலாம். மூச்சிரைப்பு ஆஸ்துமாவைச் சுட்டலாம். 'நெஞ்சு' என்பதும் அத்தகையதே. நெஞ்செரிச்சல் பெரும்பாலும் உணவுக்குழாயையும், நெஞ்சுச்சளி நுரையீரலையும், நெஞ்சடைப்பு இதயத்தையும் நோக்கி நம்மை அழைத்துச் செல்கின்றன. 'மூச்சு வாங்குது' என்பவரிடம் எதைச் செய்யும்போது என வினவ வேண்டும். 'மூச்சு முட்டுது' என்பவரிடம் எந்நேரத்தில் என வினவ வேண்டும். தமிழறிவு மட்டும் இவ்வினாக்களைத் தந்துவிடாது; பயிற்சி வேண்டும்.

கூறும் திறனும் இதற்கு இணையானது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஆய்வு, வீட்டிலிருந்து பெறும் சிகிச்சை நலவாழ்வகச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என 1959இல் காட்டியது. மருந்து வீட்டிற்குச் சென்றபின், மருத்துவரின் விளக்கமும் உடன் சென்றாக வேண்டும். இருமல் நின்றதும் நோய் தீர்ந்ததெனக் கருதி மருந்தை நிறுத்துபவருக்கு ஆறு மாதச் சிகிச்சையின் காரணத்தை விளங்கச் சொல்லாத நிலையில், சரியான மருந்தும் பயனற்றுப் போகும்.

மரபு தரும் வெளிச்சம்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் நூல்கள் வெளிவரச் செய்தார். அம்முயற்சியின் சிறப்பு கலைச்சொல்லாக்கத்தில் பெரிதும் பேசப்படுகிறது. ஆயின் கலைச்சொல் மருத்துவரிடமிருந்து புறப்படுவது; நோயாளியின் சொல் மருத்துவரை நோக்கி வருவது. பின்னதற்கு உரிய கருத்தாக்கம் சித்த மருத்துவத்தில் உள்ளது. பொறியால் அறிதல், புலனால் அறிதல் ஆகியவற்றோடு வினாதலையும் நோயறியும் முறையாக அது கொள்கிறது. எண்வகைத் தேர்வில் 'மொழி' தனித்த இடம் பெறுகிறது. அங்கு அது குரலின் இயல்பைக் குறிப்பதாதலின், சொற்பொருளை அறியும் பணி வினாதலுக்கே உரியது. கேட்டலையே ஒரு தேர்வு முறையாகப் பெயரிட்டமை குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

தென்சென்னைப் புறநகரில் இந்தி, ஒடியா, வங்க மொழி பேசும் தொழிலாளரும் நோயாளியராக வருகின்றனர். எனவே தமிழ் மட்டும் போதும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. நோயாளியின் மொழியே மருத்துவரின் முதற்கருவி என்பதே வாதம். நோய்க்குறி கூறும் வழக்குச் சொற்களைத் தமிழ்த்துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து தொகுத்தல், நோயாளி கூறிய தொடரை நோய்க்குறிப்பில் தமிழிலேயே ஒரு வரி எழுதச் செய்தல், செய்முறைத் தேர்வில் தமிழில் விளக்கும் திறனுக்கு மதிப்பெண் அளித்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. அதுவரை, 'இளைப்பு' என்று ஒருவர் சொல்லும்போது அவர் மெலிந்தாரா, மூச்சிரைத்தாரா என்பது கேட்கும் மாணவரின் ஊகத்திற்கே விடப்பட்டிருக்கும்.