ஆல்பா, பீட்டா, காமா: ஒரு ஜோக்கின் விலை

1948 ஏப்ரல் 1 'பிசிக்கல் ரெவ்யூ'வில் வந்த ஆல்பர்–பேத்தே–காமோ கட்டுரையை மறுபடி வாசித்தேன். ஓரிரு பக்கம்தான். ரால்ஃப் ஆல்பர் அப்போது முனைவர் பட்ட மாணவர். கணக்கு அவருடைய ஆய்வேட்டைச் சேர்ந்தது. ஆல்பா, பீட்டா, காமா என்று ஒலிக்கணுமே என்று வழிகாட்டி காமோ, வேலையில் பங்கே இல்லாத ஹான்ஸ் பேத்தேயின் பெயரை நடுவில் செருகினார். எல்லாரும் ரசிக்கிற ஜோக். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுரை பாதி தப்பு. ஆதியில் நியூட்ரான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தே எல்லாத் தனிமங்களும் உருவாயின என்கிறது. நிறை எண் 5, 8-இல் நிலையான அணுக்கரு கிடையாது. படிக்கட்டு அங்கேயே உடைகிறது. கனமானவை பெரும்பாலும் விண்மீன்களில் பிறந்தவை. ஆனால் ஹீலியம் விஷயத்தில் யோசனை நின்றது. அந்த வழியில் வளர்ந்த கணக்குதான், கரும்பொருள் முழுவதும் சாதாரண அணுக்களாக இருக்க முடியாது என்று இன்று காட்டுகிறது.

அதே 1948-இல் ஆல்பரும் ராபர்ட் ஹெர்மனும் அண்டத்தில் எஞ்சிய வெப்பம் சுமார் 5 கெல்வின் என்று கணித்தார்கள். அந்தக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த பென்சியாஸ், வில்சனுக்கு 1978-இல் நோபல் கிடைத்தது.

மென்பொருளில் யார் எந்த வரியை எழுதினாங்கன்னு வரலாறு காட்டிக் கொடுத்துடும். இங்கேயும் முதல் பெயர் ஆல்பருடையதுதான். இரண்டு பிரபலங்களைப் பார்த்த கண் அதில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.