கோழிப்போர்: பாட்டும் சட்டமும்

ஏறுதழுவல் பற்றித் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் எழுந்த கிளர்ச்சி, பாக்குநீரிணையைக் கடந்து ஈழத்துக் கரையையும் தொட்டது. யாழ்ப்பாணத்து நல்லூரிலும் இளைஞர் கூடி அதற்கு ஆதரவு தெரிவித்தனர். ஏறுதழுவலுக்குக் கூறப்பட்ட நியாயங்களையே கோழிப்போருக்கும் கூறுவாருளர். அவற்றுள் முதன்மையானது, இது சங்கப் பாட்டிலேயே உள்ளது என்பதாம். பாட்டில் ஒன்று உள்ளது என்பது வேறு. பாட்டு அதனைப் பாராட்டுகிறது என்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றாக மயங்கக் கிடக்கின்றன.

மன்னார்த் தீவிலிருந்து நோக்குவார்க்கு இம்மயக்கம் இன்னும் தெளிவாகப் புலப்படும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் பெரும்புயல் வரை நீராவிக்கப்பல் சென்று வந்தது. அக்கரை சேவற்கட்டு வேரூன்றிய நாடு. இருகரைக்கும் மொழி ஒன்று, பாட்டு ஒன்று; சட்டம் மட்டும் வெவ்வேறு. ஆதலின் பாட்டையும் சட்டத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

சான்றாகக் காட்டப்படும் பாட்டுகளுள் பழமையானது குறுந்தொகையின் 305ஆம் பாட்டு. அதனைப் பாடியவர் இயற்பெயர் மறைந்து, அவர் ஆண்ட உவமையே பெயராகிக் குப்பைக்கோழியார் எனப்பட்டார். பாட்டின் பொருள் இது: காமம் என்னும் தீ தலைவியின் என்பளவும் சென்று வருத்துகின்றது, அவளே சென்று தலைவனைத் தழுவவும் வழியில்லை, அவன் வந்து துயர்களையவும் வல்லனல்லன். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமே பொருகின்றன. அவற்றை ஏவி விடுவாருமில்லை, இடைபுகுந்து விலக்குவாருமில்லை. தாமாக ஓய்ந்தாலன்றி அப்போர் ஓயாது. தலைவியின் நோயும் அத்தகையது.

இவ்வுவமையை ஊன்றி நோக்குவார் இரண்டு உண்மைகளைக் காண்பர். ஒன்று, ஏவி விடுவாரும் விலக்குவாரும் உடைய வேறொரு போர் அந்நாளிலேயே இருந்தது. அஃது இல்லையாயின், அவர்கள் இல்லாமையை எடுத்துக் கூறுவதில் சுவையே இராது. எனவே ஆட்களைக் கூட்டி நடத்தும் கோழிப்போர் சங்க காலத்தது என்று வாதிடுவோர் கூற்று மெய்யே. மற்றொன்று அவர்கள் கூறாது விடுவது. புலவர் நெஞ்சு நின்ற இடம் எது? வென்ற கோழியின் பக்கமுமன்று, வேடிக்கை பார்ப்பார் பக்கமுமன்று. விலக்குவார் இல்லையே என்னும் ஏக்கத்தில் அது நிற்கிறது. கோழியின் நோவு ஒரு பெண்ணின் நோவுக்கு அளவுகோலாயிற்று. இப்பாட்டைக் கோழிப்போருக்கு நற்சான்றாகக் காட்டுவது, ஒப்பாரியைக் கலியாணப் பாட்டாக எடுத்துப் பாடுவது போன்றது.

கம்பர் வழக்கு வேறு. பாலகாண்டத்து நாட்டுப்படலத்தில், கோசல நாட்டார் பொழுதுபோக்குகளுள் கோழிகளைப் பொரவிடுதலும் ஒன்றாக வருகின்றது. இங்கே இரக்கம் இல்லை, களிப்பே உண்டு. சினந்த உள்ளமும் சிவந்த கொண்டையுமாக மோதுகின்ற அக்கோழிகள், வீர வாழ்வுக்கு மாசு வருமாயின் உயிரைப் பேணாதன என்கிறார். உறுப்பே படையாக எனவும், உறுப்பிற் பொருத்திய படை எனவும் இருவகையாகப் பொருள் கொள்ளும்படி ஒரு தொடரையும் அமைத்துள்ளார். கத்திக்கட்டுக்குக் கம்பரே சாட்சி என்பார் இரண்டாவது பொருளைப் பற்றிக்கொள்வர். அது தவறென்று தள்ளிவிடுதற்கில்லை. ஆனால் அதே செய்யுளில் கம்பர் மற்றொன்றும் சொல்கிறார். அக்கோழிகளுக்குள் பகை இல்லை, வெறுப்பும் இல்லை. பகையில்லாத இரண்டுயிர் ஒன்றையொன்று சாடுமாயின் அங்குள்ள பகை யாருடையது? இவ்வினாவைக் கம்பர் எழுப்பவில்லை. எழுப்புதற்குரிய சொல்லை வைத்துவிட்டு மேலே சென்றார். இலட்சிய நாடொன்றை வருணிக்கும் புலவர்க்கு அதற்குமேல் நிற்க நேரமில்லை போலும்.

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை கோழிவென்றி என ஒரு துறையே வகுத்து, தகர், யானை, பூழ், சிவல் முதலியவற்றின் வென்றிகளோடு சேர்த்து ஒழிபில் வைத்தது. விழுப்புர வட்டாரத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் போரில் பட்ட கோழிகளுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். இந்தளூர்க் கல் கோழியின் பெயரையும் கூறும். பொற்கொற்றி என்பது அப்பெயர். மேற்சேரி, கீழ்ச்சேரி என்று சேரிகளின் பெயரால் கோழிகள் சுட்டப்படுதல் கருதத்தக்கது. பொருதவை பறவைகள், வென்றும் தோற்றும் மானம் கொண்டவை சேரிகள். எனினும் இக்கற்களை இகழ்தல் ஆகாது. இறந்த பறவைக்குப் பெயரிட்டுக் கல் நாட்டியவன் அதனை மதித்தான். தோற்றுப்பட்ட சேவலைக் கோச்சை என்று கறிக்குக் கொண்டுசெல்லும் பிற்கால வழக்கத்தினும் அது மேம்பட்டதே.

உவமை வேறு, உடன்பாடு வேறு என்பதற்குத் திருக்குறள் நல்ல எடுத்துக்காட்டாகும். காலமறிதலைச் சொல்லவந்த வள்ளுவர், பாய்வதற்குமுன் பின்வாங்கும் போர்க்கிடாயை எடுத்துக்காட்டினார். அவரே சூதுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கிடாய்ச் சண்டைக்கு வள்ளுவர் இசைந்தார் என்று இதுகாறும் எவரும் வாதிட்டிலர். கோழி செய்த பாவம் யாதோ?

பகை யாருடையது என்னும் வினாவுக்கு விடை அண்மைக் காலத்தில் இருவேறிடங்களில் கிடைத்தது. அமெரிக்க மானிடவியலார் கிளிபர்ட் கீர்ட்ஸ், பாலித் தீவின் கோழிப்போர் பற்றி 1972இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கே பொருவன கோழிகள் போலத் தோன்றினும் உண்மையிற் பொருவோர் மனிதரே என்று காட்டினார். ஊரில் அவனவனுக்குள்ள மதிப்பே களத்தில் பந்தயமாக வைக்கப்படுகின்றது. மற்றையது வெற்றிமாறன் இயக்கி 2011இல் வெளிவந்து, ஆறு தேசிய விருதுகள் பெற்ற ஆடுகளம் என்னும் திரைப்படம். மதுரைப் பக்கத்துச் சேவற்கட்டே அதன் களம். ஆயினும் கதையின் உயிர், மாணவன் வெல்லக் கண்டு பொறாத ஆசானின் அழுக்காறு. பேட்டைக்காரர் என்னும் அவ்வாசானாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் என்பது நம்மவர்க்குத் தனி மகிழ்ச்சி தருவது. தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பையும் அவர் பெற்றார். தன் சொல்லைக் கேளாமல் மாணவன் விட்ட சேவல் வென்றபோது அவர் முகத்திற் படரும் நிழலில், கம்பர் சொல்லாது விட்டது சொல்லப்படுகிறது. கோழிக்கு இல்லாத பகை கோழிக்காரனிடத்தில் இருக்கிறது.

ஆனால் படம் ஓரிடத்தில் தடுமாறுகின்றது. மனிதரின் வஞ்சத்தை உரைக்கப் புகுந்து, பறவையின் நோவை உரைக்காது போயிற்று. சேவல் அங்கே கருவியாகவே நிற்கிறது. குப்பைக்கோழியார் எட்டே அடியில் எட்டிய இடத்தை இரண்டரை மணி நேரப் படம் எட்டவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் கோழிப்போரை நெடுங்காலம் தடுத்து வந்தது 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம். பந்தயம் வைத்தாலும் வைக்காவிடினும், வெளியரங்கிலாயினும் வீட்டுக்குள்ளாயினும், கோழிப்போர் சட்டத்துக்கு மாறான சூதாட்டமே என்பது அதன் தீர்ப்பு. பந்தயமில்லாத போரும் சூதாகுமாறு எங்ஙனம் என்று தருக்க நூலார் கேட்கலாம். சட்டம் இயற்றியோர் கண்ணிற் பட்டவன் கூடிக் கூச்சலிடும் மனிதன்; கோழி படவில்லை. தடையின் நோக்கம் ஊர் அமைதி; உயிரிரக்கமன்று.

இத்தடையை இயற்றிய அரசு சூதை எவ்வளவு வெறுத்தது என்பதை அறிய விரும்புவோர் மன்னார்த் தென்கரையிலுள்ள மரிச்சுக்கட்டிக்குச் சென்றால் போதும். அங்கே முத்துக்குளிப்புக் காலத்தில் மணல்வெளியில் ஒரு நகரமே எழும். குளித்தெடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு; ஒரு பங்கு குளிகாரருக்கு. அரசின் பங்கு, வாய் திறவாத சிப்பிகளாகவே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்படும். உள்ளே முத்துண்டா, வெறும் ஊனா என்பது வாங்குவோனுக்கும் தெரியாது, விற்போனுக்கும் தெரியாது. லெனாட் வுல்வ் 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் அங்கே அலுவல் பார்த்துப் பின்னாளில் அதனை எழுதியுமிருக்கிறார். இரண்டு கோழிகள் மேல் ஒரு ரூபா வைத்தவனைச் சூதாடி எனப் பிடித்த அதே ஆட்சி, கடலின் அடிவயிற்றின்மேல் பந்தயம் நடத்தி வருவாய் ஈட்டியது. இதனாற் கோழிப்போர் நன்றென்பது பெறப்படாது. சூது என்னும் காரணம் அவ்வாட்சியின் வாயில் வலுவற்றது என்பதே பெறப்படும்.

வலுவுள்ள காரணம் வேறிடத்திலிருந்து வந்தது. நாவலர் பெருமான் கோயில்களில் உயிர்ப்பலியிடுதலை வன்மையாகக் கண்டித்தார். மன்னாருக்கு அவர் பெயர் அயலன்று. திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்று 1872இலேயே குரல் கொடுத்தவர் அவர். கோயில் கட்டுதலும் உயிர்க்கொலை நீக்குதலும் அவருள்ளத்தில் ஒரே சமயச் சீர்திருத்தத்தின் இரு கூறுகள். கோழிக்கொடியோனை வழிபடும் நாட்டில் கோழிப்போர் தெய்வ வழக்கே என்று சிலர் சொல்வது கந்தபுராணத்தை நினையாமற் சொல்வது. சூரபன்மன் மாமரமாகிப் பிளவுண்டு, ஒருகூறு மயிலாகவும் ஒருகூறு சேவலாகவும் பகைத்தெழுந்தபோது, முருகன் அருட்பார்வையால் அப்பகை நீங்கிற்று. நீங்கிய பின்னரே சேவல் கொடியில் ஏறிற்று. அது போரை முடித்த சேவல். இத்தீவின் கத்தோலிக்க மக்களுக்கும் சேவல் புனித நினைவுடையது; பேதுருவின் மனச்சான்றை எழுப்பியது அதன் கூவல்தானே.

சேவற்கட்டினர் கூறும் நியாயங்களுள் விடையிறுத்தற்கு அரியது ஒன்றுண்டு. போரை நிறுத்தினால் போர்க்கோழி இனமே அழியும் என்பது அது. மன்னார் நகரத் தெருக்களில் நடந்தவர்க்கு இதன் உண்மை விளங்கும். முன்னாளில் பொதி சுமந்த கழுதைகள், பாரவண்டி வந்தபின் உடையவரின்றித் தெருவில் அலைகின்றன. வாகனம் மோதி நொண்டுவனவும் உள. பயன் ஒழிந்த விலங்கை மனிதன் பேணுவதில்லை. ஆகவே இவ்வச்சம் வெற்றச்சமன்று. ஆயினும் தமிழ்நாட்டில் கிளிமூக்கும் விசிறிவாலும் உடைய சேவல்களை அழகுக்கென்றே வளர்த்துக் கண்காட்சியில் நிறுத்திப் பரிசு பெறுவோர் உளர். இனம் நிலைத்தற்குக் களம் வேண்டும், கத்தி வேண்டுமென்பதில்லை.

கத்திக்கட்டுக்கும் வெற்றுக்காற் போருக்கும் உள்ள வேற்றுமையை இங்கே மறத்தலாகாது. குப்பைமேட்டுப் போருக்கு இல்லாததாய், களத்துப் போருக்கு உள்ளதாய்ப் பழம்பாட்டு குறித்தது விலக்குவாரை. காலிற் கத்தி கட்டியபின் விலக்குவார் இருந்தும் பயனில்லை. ஒரே வீச்சில் குடல் சரிந்துவிடும். கரூர்ப் பக்கத்துப் பூலாம்வலசில் 2014இல் அக்கத்தி மனித உயிரையே கொண்டது. வெற்றுக்காற் போரில் விலக்குதற்கு இடமுண்டு என்பது மெய். அதனால் அது குறைந்த தீங்கு எனலாம், தீங்கன்று எனலாகாது. விலக்குவோனே ஏவி விட்டவனுமாய் இருக்கின்றான் அல்லவா?

இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குகளைப் போருக்குத் தூண்டுதலைக் கொடுமை என்னும் தலைப்பிலேயே குற்றமாக்கிற்று. ஏறுதழுவலுக்குத் தமிழ்நாடு 2017இல் செய்த திருத்தம் 2023இல் உச்ச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. அது காளைக்கே உரியது, கோழிக்கு நீளாது. இலங்கையிலோ விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அது கொடுமைக்கு விதித்த தண்டம் நூறு ரூபா வரையில், அல்லது மூன்று மாதச் சிறை. அந்நாளில் நூறு ரூபா ஒரு குடும்பத்தைக் கலங்கவைக்கும் தொகை. அதற்கு மாற்றாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்குநல மசோதா, சட்டமாகாது நெடுங்காலம் கிடந்தது.