தோள்பையும் கடித உறையும்

வத்தலக்குண்டு என்றதும் வெற்றிலை நினைவுக்கு வருபவர்களே அதிகம். நாவல் படிப்பவர்களுக்கு அது ராஜமையர் ஊர். சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பாவுக்கும் சொந்த ஊர் அதுதான். நாவலை வாசகரிடம் கொண்டுசேர்ப்பதில் இருவருடைய பாடும் ஒன்றல்ல. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் மாதாமாதம் வந்தது. சந்தாதாரர் பட்டியல் பத்திரிகையிடம் இருந்தது. தபால்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். செல்லப்பாவுக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார், எழுத்து பிரசுரம் என்று பதிப்பகமும் வைத்தார். விற்பதற்கு ஆள் வைக்கக் காசில்லை. புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்.

இப்படி விற்பது எவ்வளவு மெதுவான காரியம் என்பது கல்லூரி நூலகங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். தமிழ்த்துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும், முதல்வர் கையெழுத்திட வேண்டும், அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பணம் மீதியிருக்க வேண்டும். பில்லுக்குப் பணம் வருவதற்குள் அடுத்த புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். ஆனால் அந்த அலமாரியில் ஏறிய பிரதியை எழுத்தாளரை முன்பின் தெரியாத மாணவர்கள் எடுத்துப் படித்தார்கள். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இன்று மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாகப் போகிறதென்றால், அந்த முகம் தெரியாத வாசகர்களுக்கும் அதில் பங்குண்டு.

1997-இல் அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவல் வந்தது. மூன்று பாகங்கள், எல்லாம் அவரே போட்டது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1998 டிசம்பரில் காலமானார். சாகித்ய அகாதெமி விருது 2001-இல் வந்து சேர்ந்தது. நம் அமைப்புகளின் வேகத்துக்கு எண்பத்தாறு வயது போதவில்லை.

யாழ்ப்பாணத்தில் இவருக்கு ஒரு சகபயணி உண்டு. டொமினிக் ஜீவா நாவலாசிரியர் அல்ல, சிறுகதைக்காரர், முடிதிருத்தும் தொழிலாளி. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தே விற்றார். செல்லப்பா நிறுவனத்தின் வாசலில் நின்றார் என்றால் ஜீவா ஆட்களை நேருக்கு நேர் பிடித்தார். இலங்கையில் புத்தகம் விற்கும் முறைக்கே இந்த நேர்முகம்தான் அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

வெளியீட்டு விழாவில் அது முழு உருவம் எடுக்கிறது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நடப்பதை எடுத்துக்கொள்ளலாம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். காரியம் நடப்பது இடையில். முதற்பிரதியை ஊரறிந்த வர்த்தகர் ஒருவர் வாங்குவார். புரவலர் ஹாசிம் உமர் இதற்கென்றே பேர்போனவர். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்களை ஒலிவாங்கியில் வாசிப்பார்கள். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து கடித உறையை எழுத்தாளர் கையில் கொடுத்து, புத்தகத்தைப் பெற்று, படத்துக்கு நின்று இறங்குவார்கள். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் அட்டை விலையைவிடக் கூடுதல். மீதிக்காசு கேட்பவர் கிடையாது. அச்சுக்கூலியில் நல்ல பங்கு அந்த மாலையிலேயே தேறிவிடும். அதே நூலுக்கு மட்டக்களப்பிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் இன்னொரு விழா வைப்பதும் உண்டு.

திண்டுக்கல்காரனுக்கு இதைப் பார்த்தால் மொய்தான் ஞாபகம் வரும். காதுகுத்துக்கு வாசலில் மேசை போட்டு நோட்டில் பெயரெழுதி வாங்குகிறோமே, அதே கணக்கு. திருப்பிச் செய்யும் கடமையும் அப்படியே இருக்கிறது: இன்று உறை வாங்கிய எழுத்தாளர் நாளை அடுத்தவர் விழாவுக்கு உறையோடு போயாக வேண்டும். இதில் எனக்கு ஒரு சங்கடம். உறவுக்காக வாங்கிய பிரதியைப் படித்தாரா என்று கேட்க முடியாது. மதிப்பீட்டுரையும் அந்தச் சபையில் கறாராக இருக்க முடியாது. ஆனாலும் நம் ஊர் விழாவைப் பார்க்கும்போது அவர்கள் மேல். இங்கே மொய் நோட்டு வீட்டு விசேஷத்தோடு சரி. நாவல் வெளியீட்டுக்கு வந்தவர் டீ குடித்து, நாலு பேச்சு கேட்டு, மூத்த எழுத்தாளருக்குச் சால்வை போர்த்திவிட்டு, ஓசிப் பிரதி கிடைக்குமா என்று மேசையைப் பார்ப்பார்.

இப்படிச் சோம்பலாக இருக்க நமக்குக் கட்டுப்படியானதற்குக் காரணம் நூலக ஆணை. பொது நூலகத் துறை ஆயிரம் பிரதி எடுத்தால் பதிப்பாளர் பிழைத்துக்கொள்வார். அச்சுப் பாரக் கணக்கில் விலை, தாமதமாகப் பணம், சில ஆண்டுகள் ஆணையே கிடையாது. இருந்தும் தமிழ்ப் பதிப்புலகம் அதை நம்பித்தான் ஓடியது. இலங்கைத் தமிழ் எழுத்தாளனுக்கு அந்த அளவில் ஒரு கொள்முதல்காரர் இல்லை. எழுபதுகளில் மட்டும் ஒரு விதிவிலக்கு. இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரி பத்திரிகை மலிவுப் பதிப்புகளில் நாவல் போட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அப்படி வந்தவை. பத்திரிகை போகும் ஊரெல்லாம் நாவலும் போனது. எழுத்தாளர் யாருடைய உறைக்கும் காத்திருக்கவில்லை. ராஜமையருக்குக் கிடைத்த வசதி எண்பது ஆண்டு கழித்து அவர்களுக்கு வாய்த்தது.

இரு கரையையும் அறிந்த மூத்த நாவலாசிரியர் என்றால் செ. கணேசலிங்கன். உரும்பிராயில் பிறந்தவர். 1965-இல் ‘நீண்ட பயணம்’ எழுதியவர், பின்னாளில் சென்னைக்கு வந்து குமரன் பதிப்பகம் நடத்தினார். நாவலுக்கு மேல் நாவலாக எழுதித் தாமே அச்சிட்டார். 2021-இல் சென்னையில் காலமாகும்போது தொண்ணூறு கடந்திருந்தார். செல்லப்பாவைப் போல அவரும் பதிப்பாளரைத் தேடி அலையாமல் தாமே பதிப்பாளரானவர். தம் நாவல்களோடு மற்றவர் நூல்களையும் சேர்த்துப் போட்டார், அவருடைய கடை நிலைத்தது.