சங்கப் பாடல்களில் நீர்நாய்: உள்ளுறையும் வாழிடமும்

1. முன்னுரை

சிற்றந்தமான் தீவின் ஹட் பே பகுதியில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் நற்றிணையின் 195ஆம் பாடலைக் கற்பதாகக் கொள்வோம். கழியில் கொழுத்த மீனை உண்ட நீர்நாய் தில்லைப் புதரில் துயில்வதாக அப்பாடல் தொடங்குகிறது. கழியும் தில்லையும் அந்தமான் கரையோரத்தார்க்குப் புதியன அல்ல. ஆனால் நீர்நாய் அத்தீவுகளின் இயற்கை விலங்கினத்தில் இல்லை. காவிரிக்கரை மாணவரின் நிலை இதற்கு மறுதலையானது. அவ்வாற்றில் நீர்நாய் இன்றும் உண்டு. ஆனால் அகநானூறும் குறுந்தொகையும் அதனுடன் இணைத்துப் பாடும் பிரம்பம்புதரை அவர் பெரும்பாலும் அகராதியிலேயே காண்கிறார். இருவருக்கும் பாட்டின் ஒரு பாதியே கிட்டுகிறது. மறுபாதியைத் தரவேண்டிய உரைகள் அப்பணியைச் செய்துள்ளனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரும் வகைமையும்

நீரில் வாழும் நாய் எனப் பெயரிடும் வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளமும் கன்னடமும் இதே அமைப்புடைய பெயரை வழங்குகின்றன. சிங்களத்தின் 'தியபல்லா' என்பதும் இப்பொருளதே. விலங்கியல் நோக்கில் நீர்நாய் நாயினம் அன்று. மரநாய், கீரி போன்ற தோற்றமுடைய வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. எனினும் சங்கப் புலவர் அதனை நாயின் மரபுப் பெயர்களாலேயே சுட்டினர். தொல்காப்பிய மரபியல் நாயின் பெண்ணுக்குப் பிணவு என்றும், இளமைக்குக் குருளை என்றும் பெயர் வகுத்து, பறழ் என்பதையும் விலக்காது விடுகிறது. நற்றிணை 195இல் குருளையும், அகநானூறு 336இல் பிணவும் பறழும் நீர்நாய்க்கு வருகின்றன. இது தற்செயல் எனத் தோன்றவில்லை. மரபியல் வகுத்த பெயரீட்டு முறை செய்யுளில் ஒழுங்காகச் செயற்பட்டமைக்குச் சான்று எனலாம்.

இப்பெயர் ஓர் இனத்தை மட்டும் குறிப்பதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. தமிழகச் சமவெளி ஆறுகளில் காணப்படுவது பெரும்பாலும் மென்மயிர் நீர்நாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் சிறுநக நீர்நாய் வாழ்கிறது. இலங்கையில் உள்ளது யூரேசிய நீர்நாய் ஒன்றே. ஆகவே சொல்லை மட்டும் கொண்டு இனத்தைத் துணிதல் இயலாது.

3. உள்ளுறையின் எல்லை

ஐங்குறுநூறு 63, குறுந்தொகை 364 ஆகிய மருதப் பாடல்களில் நீர்நாய் வாளைமீனை இரையாகப் பெறுகிறது. புலால் நாறும் நீர்நாயைப் பரத்தையரை நாடும் தலைவனாகவும், வாளையைப் பரத்தையராகவும் கொள்வது உரைமரபு. இது பொருத்தமான விளக்கமே. இதனோடு உரை முடிந்துவிடுவதே குறை.

அகநானூறு 336 இவ்விளக்கத்துள் எளிதில் அடங்காது. அங்கே பெண் நீர்நாய் குட்டிகளோடு சேம்பும் பாசியும் படர்ந்த இடத்தில் பசித்துக் கிடக்கிறது. அதன் வருத்தம் தீர்க்க இரைதேடி எழுந்த நீர்நாய் வாளையோடு போராட, நீர்த்துறை கலங்குகிறது. காதலால் செய்த செயலே பிறர்க்குரிய துறையைக் கலக்குகிறது. பரத்தை கூற்றாக அமைந்த இப்பாடலில் நீர்நாயைக் காமுகன் என்னும் ஒற்றைக் குறியீடாக்கினால், இந்த முரண் மறைந்துவிடும். மென்மயிர் நீர்நாய் ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகக் குடும்பமாக வாழ்வது. இன்றைய கள ஆய்வு அறிந்த இவ்வுண்மை, பாட்டின் உள்ளுறையைச் சிதைக்காமல் ஆழப்படுத்துகிறது.

குறுந்தொகை 364இல் ஔவையார் நீர்நாயின் புறத்தை வரியுடையது என்கிறார். நீர்நாயின் உடலில் வரிகள் இல்லை. புலவர் பிழைபட்டார் எனக் கொள்வதினும், நீரிலிருந்து ஏறும் நீர்நாயின் நனைந்த மயிர் கற்றை கற்றையாகப் பிரிந்து கோடுகளாகத் தோன்றுவதை அவர் கண்டிருக்கலாம் எனக் கருதுவது பொருந்தும். இது கருதுகோளே, ஆயினும் கரையில் நின்று சோதித்தறியக்கூடிய கருதுகோள்.

4. மறுபுறப் பிழை

உரையாசிரியரிடம் உள்ள குறைக்கு எதிரான பிழை இயற்கை ஆர்வலரிடம் காணப்படுகிறது. சங்கப் பாடலை அவர்கள் விலங்குக் கணக்கெடுப்பாகக் கொள்கின்றனர். அகநானூறு 6இல் பரணர் வாளையை உண்ட நீர்நாய் பிரம்புப் புதரில் சேர்வதை மத்தி என்பானின் கழார் என்னும் ஊரோடு இணைக்கிறார். கழார் காவிரியைச் சார்ந்த ஊர். இதனால் அங்கு எத்தனை நீர்நாய்கள் வாழ்ந்தன என்பது பெறப்படாது. பெறப்படுவது வேறு: இரைக்கு மீன், உறங்க அடர்புதர், இரண்டையும் தாங்கும் கலங்காத நீர்க்கரை என்னும் மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் அவ்விலங்கு உண்டு என்ற அறிவு.

இன்றைய பாதுகாப்பு ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. 2004இல் பெரியாற்றுப் பகுதி பற்றியும், 2006இல் காவிரி பற்றியும் வெளிவந்த ஆய்வுகள், நீர்நாய் எவ்விடத்தைத் தேர்ந்து வாழ்கிறது என்ற வினாவையே மையமாகக் கொண்டன. மென்மயிர், சிறுநக நீர்நாய்கள் 2019இல் பன்னாட்டு வணிகத் தடைக்குரிய முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இது தோல் வணிகத்தையும் வளர்ப்பு விலங்கு வணிகத்தையும் தடுக்கும். மணல் அள்ளுதலால் கரை இழந்த ஆற்றுக்கு அது கரையைத் தராது.

5. முடிவுரை

புலவர் நீர்நாயைத் தனித்துப் பாடவில்லை. பிரம்பு, சேம்பு, பாசி, தில்லை, வாளை ஆகியவற்றோடு சேர்த்தே பாடினர். கருப்பொருள் என்னும் கோட்பாடு இந்தச் சேர்க்கையையே குறிக்கிறது. பாடநூல் உரைகள் உள்ளுறைக்கு முன் இச்சேர்க்கையை விளக்குதல் வேண்டும். தாவரப் பெயர்களை 'ஒருவகைச் செடி' என எழுதி அமைதல் தகாது. அவ்வாறு செய்யின் ஹட் பே மாணவர் தம் கழியின் தில்லையைக் கொண்டு நீர்நாயை உணர்வார். காவிரிக்கரை மாணவர் தம் ஆற்றின் நீர்நாயைக் கொண்டு, மறைந்துவரும் பிரம்பம்புதரின் இன்றியமையாமையை உணர்வார். அப்புதர் முற்றும் அழிந்தபின் பாட்டு ஏட்டில் நிற்கும். அதன் உள்ளுறையை உணர்வதற்குரிய நிலம் இராது.