வெட்டியதும் விட்டதும்

1807ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு பைபிள் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே, பிரிட்டிஷ் முதலாளிகளுக்காக முதுகு ஒடியப் பாடுபட்ட கறுப்பின அடிமைகளுக்கென்றே தொகுக்கப்பட்ட பைபிள். ஆகா, அடிமைக்கும் வேதமா, என்னே கருணை என்று வியக்கத் தோன்றும். ஏட்டைப் புரட்டினால்தான் அந்தக் கருணையின் எடை தெரியும். புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் அதிகாரங்கள் 1,189. இந்த ஏட்டில் இடம்பெற்றவை 232!

மற்றவை எங்கே? கத்தரிக்கு இரையாயின. எகிப்திலே செங்கல் அறுத்த அடிமைக்கூட்டம் மன்னனை மீறி வெளியேறிய வரலாறு இல்லை. அடிமையென்றும் உரிமையுள்ளவனென்றும் பிரிவு கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடம் இல்லை. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடாதவனை எரேமியா சாடும் இடம் இல்லை. அடிமைகள் எசமானர்க்கு அடங்கி நடக்கவேண்டும் என்ற அறிவுரை? அது பத்திரமாக இருந்தது! அடிமையாக விற்கப்பட்டும் பணிவால் உயர்ந்த யோசேப்பின் கதை? அதுவும் இருந்தது! மூன்றாண்டுகளுக்கு முன், 1804இல்தான், ஹைத்தி நாட்டில் அடிமைகளாயிருந்தோர் ஆண்டைகளை விரட்டித் தனியாட்சி கண்டிருந்தனர். அச்சம் இருக்காதா?

இதைத் தொகுத்தவர்கள் அடிமைகளை மதம் மாற்றவென்று அமைந்த ஒரு சங்கத்தார். அவர்கள் செயலை வெறுக்கிறேன். ஆனால் அவர்களைவிடக் கூர்மையாக பைபிளைத் திறனாய்ந்தவர்களை எங்கே தேடுவது? பக்தர், அது முழுவதும் ஒரே குரல் என்கிறார். எங்கள் ஊர்ப் படிப்பகத்துத் தோழர் ஒருவர், "அது முழுவதும் ஒரே புளுகு, படித்து வேறு பார்க்கவேண்டுமா?" என்கிறார். இருவரும் ஏட்டைத் தொடுவதில்லை. கத்தரி பிடித்தவர்களோ தொட்டார்கள், படித்தார்கள், எந்தப் பகுதி ஆண்டைக்கு அரண், எந்தப் பகுதி ஆண்டைக்கு வெடி என்று வகை பிரித்தார்கள். படிக்காமல் பழிக்கும் நாம், படித்து வெட்டிய அவர்களிடம் தோற்கலாமா?

பைபிள் என்ற சொல்லின் மூலமே கிரேக்கத்தில் நூல்கள் என்று பொருள்படும் பன்மை. புராட்டஸ்டண்டுகளுக்கு நூல்கள் 66, கத்தோலிக்கர்க்கு 73, எத்தியோப்பியத் திருச்சபைக்கு 81. ஆண்டவன் அருளியவை எத்தனை என்பதிலேயே அடியார்களுக்குள் ஒற்றுமை இல்லை! புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இவைதாம் என்று அப்படியே வரையறுத்த பட்டியலை, கி.பி. 367இல் அலெக்சாந்திரியப் பேராயர் அத்தனாசியார் தம் மடலொன்றில் தருகிறார். இயேசு மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு! மனிதர் எழுதினர், மனிதர் தொகுத்தனர்.

பழைய ஏற்பாட்டை யூதர்கள் சட்டம், இறைவாக்கினர், எழுத்துகள் என மூன்றாக வகுத்தனர். சட்ட நூல்கள் ஐந்தும் மோசே எழுதியவை என்பது மரபு. ஐந்தாம் நூலின் கடைசி அதிகாரமோ மோசே இறந்ததையும் புதைக்கப்பட்டதையும் சொல்கிறது! தம் சாவைத் தாமே எழுதிய ஒரே எழுத்தாளர் போலும். இவற்றை மோசே எழுதவில்லை என்று 1670இல் வெளிப்படையாக வாதிட்டார் ஸ்பினோசா. 23 வயதிலேயே தம் சமூகத்தாரால் விலக்கி வைக்கப்பட்டவர் அவர். முதல் நூலின் தொடக்கத்திலேயே படைப்புக் கதை இரண்டு. ஒன்றில் விலங்குகளுக்குப் பின் ஆணும் பெண்ணும் சேர்ந்தே படைக்கப்படுகின்றனர். மற்றொன்றில் ஆண் முதலில், பிறகு விலங்குகள், பெண் கடைசியில். இரண்டையும் ஒட்டிய தையல் இன்றும் தெரிகிறது.

இரண்டாம் நூலுக்கு வருவோம். எகிப்திலிருந்து பெருந்திரள் ஒன்று வெளியேறியதற்கு அந்நாட்டின் கல்வெட்டிலோ அகழ்விலோ சான்று கிட்டவில்லை. வரலாறாக அதை ஏற்க வழியில்லை. ஆயினும் தோட்டக்காரரை நடுங்கவைத்த கதை அது. அதைவிட வியப்பு அடுத்து வருகிறது. அடிமைத்தளை அறுத்து வெளியேறிய அந்த மக்களுக்கு, அதே நூலின் 21ஆம் அதிகாரம் சட்டம் வகுக்கிறது. எதற்கு? அடிமை வைத்துக்கொள்வதற்கு! விடுதலைப் பாட்டும் விலங்கின் சட்டமும் ஒரே ஏட்டில், சில பக்க இடைவெளியில். இதைக் காணாத பக்தரும் குருடர். விடுதலைப் பாட்டைக் கேளாத நம் தோழரும் செவிடர்.

இறைவாக்கினர் என்றதும் குறி சொல்பவர் என்று எண்ணிவிடுவோர் பலர். ஆமோசைப் பாருங்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டு, தெக்கோவா என்ற ஊரில் ஆடு மேய்த்தவன், காட்டத்தி மரங்களைப் பேணியவன். பரம்பரைப் பூசாரியல்லன். வட நாட்டின் பெத்தேல் கோயிலுக்குச் சென்று, ஏழையைச் செருப்பு விலைக்கு விற்கும் செல்வரையும், கள்ளத் தராசு வணிகரையும் நேர்நின்று சாடினான். பூசையும் விழாவும் வேண்டா, நீதி வேண்டும் என்பதே அவன் பேச்சின் சாரம். கோயில் குரு அமட்சியா என்ன செய்தான்? இது அரசனின் கோயில், உன் நாட்டுக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டினான். கோயிலின் உண்மையான உரிமையாளர் யார் என்பதைக் குருவே ஒப்புக்கொண்ட காட்சி அது!

எழுத்துகள் என்னும் தொகுதியில் சண்டையே நடக்கிறது. எஸ்ரா, வேற்றின மனைவியரை விலக்கச் செய்கிறார். ரூத் என்ற குறுங்கதையோ மோவாபு நாட்டு வேற்றினப் பெண்ணைத் தாவீது மன்னனின் முப்பாட்டியாக்கிச் சிரிக்கிறது. நல்லவன் வாழ்வான் என்று நீதிமொழிகள் அடித்துச் சொல்ல, "அப்படியானால் எனக்கு ஏன் இந்தக் கதி?" என்ற கேள்வியோடு சாம்பலில் அமர்ந்திருக்கிறான் யோபு. நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்கின்றனர். பண்டிதர் பேச்சு எந்நாட்டிலும் ஒன்றுதான்! யோபு பணியவில்லை. இறுதியில் சூறாவளியிலிருந்து கடவுள் பேசுகிறார்; கேள்விமேல் கேள்வி கேட்கிறார்; யோபுவின் கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. பைபிளின் இலக்கியச் சிகரம் இதுவே என்பேன். ஆனால் முடிவு சறுக்கிவிட்டது. ஆடு மாடு இரட்டிப்பாகத் திரும்புகிறது. மாண்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஈடாகப் புதிதாகப் பத்துப் பிள்ளைகள்! பெற்றவனின் துயரம் இப்படியா தீரும்? பாட்டை எழுதிய புலவனின் கை இதுவாக இராது.

புதிய ஏற்பாட்டில் நற்செய்தி நான்கும் முதலில் அச்சிடப்பட்டுள்ளன. எழுதப்பட்ட வரிசையிலோ பவுலின் மடல்களே முந்தியவை. பிலமோன் என்பவருக்கு அவர் எழுதிய சிறு மடலில் ஓர் அடிமை ஆண்டையிடம் திருப்பி அனுப்பப்படுகிறான், உடன்பிறப்பாக ஏற்கும்படி. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இதே மடலைத்தான் நீட்டினர். லூக்காவின் இயேசு ஏழைகளை வாழ்த்துகிறார். மத்தேயுவின் இயேசுவோ உள்ளத்தில் எளியவர்களை வாழ்த்துகிறார். ஒரு சொல் கூடிற்று; பணக்காரரும் மூச்சுவிட்டனர்.

தமிழிலும் ஒரு சொல்லின் கதை உண்டு. எகிப்தைவிட்டு வெளியேறிய அந்த இரண்டாம் நூலுக்கு நம் பழைய மொழிபெயர்ப்பிட்ட பெயர் யாத்திராகமம். ஏதோ காசி யாத்திரை போல! 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதற்கு விடுதலைப் பயணம் என்று பெயர் சூட்டியது.

படிப்பகத் தோழருக்கு அந்தப் பதிப்பைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, லேவியர் நூலின் பலி விதிகளில் சிக்கிக்கொண்டு, பத்து நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆமோசுக்குத் தாவச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதே அதிகாரம்.